ராமநாதபுரம் கடலோர மணலில் எதை நடலாம்: தைலமரமா, சவுக்கா, பனையா, நாட்டு மரமா?

மண்டபத்திலிருந்து சாயல்குடி வரைக்கும், அந்தப் பக்கம் தேவிபட்டினம், தொண்டி வரைக்கும், கடலோரத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். சீமைக் கருவேலத்தை ஜேசிபி விட்டுப் பிடுங்கியாகிவிட்டது. நிலம் வெறிச்சென்று கிடக்கிறது. இப்படியே விட்டால் அடுத்த மழைக்குக் கருவேலம் மறுபடி முளைத்துவிடும். வீட்டுப் பிள்ளைகள் துபாயிலோ சென்னையிலோ இருக்கிறார்கள். நின்று தண்ணீர் பாய்ச்ச ஆள் கிடையாது. "தைலமரம் வை, ஆடு கடிக்காது, அஞ்சு வருஷத்துல காசு" என்று ஒருவர் சொல்கிறார். "அது ஊர்த் தண்ணியெல்லாம் குடிச்சிரும்" என்று இன்னொருவர் சொல்கிறார். நிலத்துக்காரர் நடுவில் நிற்கிறார்.

இன்னொரு வகைக் கேள்வியும் வருகிறது. ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய்வந்தவர்கள் அந்த வாசனையும் வழவழப்பான அடிமரமும் பிடித்துப்போய், வீட்டுத் தோட்டத்தில் ஒரே ஒரு தைலமரம் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். இது தோப்புப் போடுவதிலிருந்து முழுக்க வேறான விஷயம். இரண்டையும் சேர்த்துப் பேசுவதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தைலமரம் எனக்குப் பிடித்த மரம். ஒன்றிரண்டாக வைத்து ரசிக்க நம் மாவட்டத்திலும் இடம் இருக்கிறது. ஆனால் கடலோர மணலில் தோப்பாக வேண்டாம். ஏன் என்பது மரத்தைவிட, நம் மண்ணுக்கு அடியில் இருக்கும் தண்ணீரைப் பொறுத்தது.

## எதை வைத்து முடிவு செய்வது

தண்ணீர். ஊற்றுத் தோண்டியவர்களுக்கு இது தெரியும். மணலில் சில அடி பறித்துவிட்டுக் காத்திருந்தால், அடியில் சுற்றிலும் இருந்து தண்ணீர் கசிந்து வந்து தேங்கும். சிரட்டையால் மெதுவாக மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். குடம் நிறைந்தால் அடுத்த குடத்துக்குச் சற்றுப் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு ஆழமாகப் பறித்தாலோ, மொத்தமாக இறைத்தாலோ உவர்ப்பு ஏறிவிடும்.

காரணம் எளிது. மணலில் இறங்கிய மழைத் தண்ணீர், அடியில் ஊடுருவி நிற்கும் கடல்நீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீருக்கு எடை குறைவு. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் போடும் கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு அடி இறங்கினால், கீழே உப்புத் தண்ணீர் 40 அடி வரை ஏறிவர நாமே வழிவிடுகிறோம். பரமக்குடிப் பக்கம் கிணறு இறங்கினால் அடுத்த மழைக்கு ஏறலாம். கடலோரத்தில் கிணறு உப்பாகிவிட்டால், அந்த உப்பைத் தள்ளப் பல மழைக்காலம் வேண்டும். நமக்கு வருடத்துக்குக் கிடைப்பதே 800 மில்லிமீட்டர் சுற்றிய மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும்.

காற்று. உங்கள் நிலம் வடகடல் பக்கமா, தென்கடல் பக்கமா என்று பாருங்கள். பாக் நீரிணைப் பக்கம், அதாவது தேவிபட்டினம், தொண்டிப் பக்கம், வாடைக் காற்றோடு உப்பு வரும். ஆனால் மழையும் கூடவே வருவதால் இலையில் படிந்த உப்பு கழுவிப்போகும். மன்னார் வளைகுடாப் பக்கம், ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூரில், கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, ஆனி, ஆடியில் வறண்டு வீசும். உப்பு இலையில் படிந்து அங்கேயே காயும். கழுவ மழை இருக்காது. அதனால் ஒரே கன்று தொண்டியில் பச்சையாகவும் மூக்கையூரில் நுனி கருகியும் நிற்கலாம்.

ஆளும் ஆடும். முதல் இரண்டு வருடம் யார் தண்ணீர் ஊற்றுவது, யார் ஆட்டை விரட்டுவது? வேலிச் செலவு பல சமயம் கன்றுச் செலவைத் தாண்டிவிடும். இதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

வெளியே வரும் செலவு. மரம் வேண்டாம் என்று ஒருநாள் முடிவு செய்தால் நிலத்தைத் திரும்ப எடுக்க எவ்வளவு ஆகும்? சீமைக் கருவேலம் பிடுங்கியவர்களுக்கு இந்தக் கேள்வியின் எடை தெரியும்.

வருமானம் கடைசியில்தான் வருகிறது. அது முக்கியமில்லை என்பதால் அல்ல; மேலே உள்ள நான்கையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் வருமானம் என்பதால்.

## தைலமரம்

தைலமரம் என்பது யூகலிப்டஸ்தான். நம் பக்கம் ஆர்.எஸ்.பதி மரம் என்றும் சொல்கிறோம். யூகலிப்டஸ் ஒரே மரம் இல்லை. 700 வகைக்கு மேல் இருக்கிறது, பெரும்பாலும் ஆஸ்திரேலியாவுக்கு உரியவை. உலகத்திலேயே உயரமான பூக்கும் மரம் இந்தக் குடும்பத்தில்தான் இருக்கிறது: டாஸ்மேனியாவில் 100 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் யூகலிப்டஸ் ரெக்னன்ஸ். இந்தியாவுக்கு 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் திப்பு சுல்தான் காலத்தில் நந்தி மலைக்கு வந்ததாகச் சொல்லப்படுகிறது. நீலகிரியில் 1843 வாக்கில் விறகுக்காக நட ஆரம்பித்தார்கள்.

ஊட்டியில் தைலம் எடுப்பது குளோபுலஸ் என்ற வகை. அதற்குக் குளிர் வேண்டும். நம் கடலோர வெயிலில் நிற்காது. சமவெளியில், புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் நாம் பார்ப்பது டெரிடிகார்னிஸ், கமால்டுலென்சிஸ், இவற்றின் கலப்பு. இதன் இலையில் வாசனை உண்டு, ஆனால் தைலத்துக்காக வளர்க்கும் அளவுக்கு இல்லை. ஆகவே "தைலம் எடுக்கலாம்" என்று யாராவது கன்று விற்க வந்தால் வகையைக் கேளுங்கள். வாசனைதான் வேண்டும் என்றால் எலுமிச்சை வாசனைத் தைலமரம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக்காரன், 1995ல் தாவரவியலாளர்கள் யூகலிப்டஸிலிருந்து பிரித்துக் கொரிம்பியா என்ற தனிப் பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். வெயில் தாங்கும். உப்புக் காற்றுத்தான் பிடிக்காது.

இந்த மரத்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்காமலே பலர் வெறுக்கிறார்கள். ஒரு இலையைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு எண்ணெய்ப் பை. கசக்கினால் அவை உடைந்துதான் வாசனை வருகிறது. இளங்கன்றின் இலையும் முதிர்ந்த மரத்தின் இலையும் ஒரே மரத்துடையவை என்று நம்ப முடியாது. கன்றில் அகலமாகச் சாம்பல் பூத்திருக்கும். வளர வளர அரிவாள்போல் நீண்டு வளைந்து தொங்கும். விளிம்பைச் சூரியனுக்குக் காட்டித் தொங்குவதால் உச்சி வெயில் இலையின் முகத்தில் நேராக விழாது. அதனால்தான் தைலமரத்தடியில் நிழல் கிழிந்து கிழிந்து விழுகிறது. மொட்டுக்கு ஒரு மூடி இருக்கும். மூடி கழன்று விழ, உள்ளே மடங்கியிருந்த மகரந்தத் தாள்கள் விரிந்து வெள்ளைப் பஞ்சாக நிற்கும்; கண்ணைக் கவரும் இதழே கிடையாது. பூத்த காலத்தில் தேனீ மொய்க்கும். பட்டை பட்டையாக உரிந்து, உள்ளே சாம்பல், வெள்ளை, இளஞ்சிவப்பு என்று புதுத் தோல் தெரியும்போது மரத்தைக் கையால் தடவாமல் நகர மனம் வராது.

சரி, அழகை ஒப்புக்கொண்டோம். இப்போது அளவுகோல்களுக்கு வருவோம்.

தண்ணீர் விஷயத்தில், கமால்டுலென்சிஸ் தன் ஊரில் எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அது ஆற்றங்கரை மரம். ஆஸ்திரேலியாவின் முர்ரே ஆறு போன்ற ஆறுகளின் ஓரத்தில், வெள்ளம் வரும்போது வேர் நனைந்தும், வறட்சியில் நிலத்தடி நீரை எட்டிப் பிடித்தும் நூற்றாண்டுகள் வாழும். அந்தத் திறமைதான் அதன் பெருமை. அதே மரத்தை நம் ஊற்று மணல்மேல் ஏக்கருக்கு 900 வீதம் நட்டால், அது தனக்குத் தெரிந்த வேலையைத்தான் செய்யும். ஒரு கிலோ மரக்கட்டை உண்டாக்க இது குடிக்கும் தண்ணீர் மற்ற மரங்களைவிடக் குறைவு என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது. ஆனால் வேகமாகவும் நெருக்கமாகவும் வருடம் முழுக்கப் பச்சையாகவும் வளரும்போது மொத்தக் குடிப்பு அதிகமாகத்தான் இருக்கும். தென்னாப்பிரிக்காவின் 1998 தண்ணீர்ச் சட்டம், வணிக மரத்தோட்டம் போடுவதை நீரோட்டத்தைக் குறைக்கும் செயலாக வகைப்படுத்தி அனுமதி வாங்கச் சொல்கிறது. கர்நாடகம் 2017ல் புதிதாகத் தைலமரம் நடுவதற்கே தடை போட்டது. அங்கெல்லாம் கவலை தண்ணீர் குறைவது மட்டும்தான். நமக்கு அதோடு உப்பும் ஏறும்.

காற்றில், கமால்டுலென்சிஸ் மண்ணில் இருக்கும் உப்பை ஓரளவு தாங்கும். நேரடிக் கடற்காற்றைத் தாங்குவது வேறு. கடலைப் பார்த்த பக்கம் கருகி, மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்து மணலில் பவளமும் சங்குத் தூளும் கலந்து சுண்ணாம்பு அதிகம். அங்கே புதுத் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால், அது மரத்துக்கு இரும்புச் சத்துக் கிடைக்காததன் அடையாளம். தண்ணீர் அதிகம் ஊற்றிப் பயனில்லை.

ஆடு விஷயத்தில் தைலமரத்துக்கு முழு மதிப்பெண். ஆடு, மாடு சீண்டாது. வேலிச் செலவு இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சீமைக் கருவேலம் போல இது தானாக விதை பரப்பி ஊரை வளைப்பதில்லை. நட்ட இடத்தில் நிற்கும்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. ஒன்று, தூர். வெட்டினால் சாகாது; அடித்தண்டில் மண்ணை ஒட்டி ஒரு வீக்கம் இருக்கிறது, அதில் உறங்கும் மொட்டுகள் துளிர்க்கும். மறுதாம்பு விட்டு இரண்டு மூன்று முறை வெட்டலாம் என்று இதை லாபமாகச் சொல்வார்கள். நிலத்தை வேறு பயிருக்குத் திருப்ப நினைக்கும் நாளில் அதே துளிர்தான் ஜேசிபி வாடகையாக நிற்கும். இரண்டு, லாரி. காகித ஆலைக்குக் கட்டை போவது என்றால் கரூர் மாவட்டம் காகிதபுரம் வரை போக வேண்டும்; நமக்கு 250 கிலோமீட்டர் வாக்கில் வரும். கட்டையை டன் கணக்கில் எடை போடுகிறார்கள், வெட்டிய கட்டை வெயிலில் நாளுக்கு நாள் எடை குறைகிறது. லாரி தாமதமானால் உங்கள் காசுதான் ஆவியாகிறது. மூன்று, குளவி. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு சின்னஞ்சிறு குளவி இலைக் காம்பிலும் நடுநரம்பிலும் முட்டையிட, முடிச்சு முடிச்சாக வீங்கிக் கன்று நின்றுபோகும். 2000க்குப் பிறகு தென்னிந்திய நாற்றங்கால்களை வாட்டிய பூச்சி இது. முடிச்சு இருக்கும் கன்றைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

## சவுக்கு

கடலை நேரே பார்த்து நிற்கச் சவுக்குக்கு ஈடு இல்லை. உப்புக் காற்றும் வெறும் மணலும் அதன் சொந்த வீடு. வேர் முடிச்சில் இருக்கும் நுண்ணுயிர் காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துக் கொடுப்பதால் சத்தில்லாத மணலிலும் எழுந்துவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் தடுப்புத் தோப்பாக அதிகம் நட்டது இதைத்தான். மூன்றிலிருந்து ஐந்து வருடத்தில் வெட்டலாம். பந்தல் கால், சாரம் கட்டும் கம்பு, விறகு என்று உள்ளூரிலேயே விற்கும். லாரியை நம்பி இருக்க வேண்டாம். ஐந்தடி இடைவெளியில் ஏக்கருக்கு 1700 கன்றுக்கு மேல் பிடிக்கும்.

தண்ணீர்? இதுவும் குடிக்கும். சவுக்கு நல்லது, தைலமரம் கெட்டது என்று பிரிப்பது சரியில்லை. நெருக்கி நட்ட எந்தத் தோப்பும் ஊற்றில் பங்கு கேட்கும். முதல் இரண்டு கோடைக்கு மோட்டார் வைத்துப் பாய்ச்சினால் அந்த மோட்டாரே உப்பை மேலே இழுக்கும். ஐப்பசி முதல் மழையோடு நட்டு, தை வரைக்கும் வேர் இறங்கவிட்டு, அப்புறம் குடத்துத் தண்ணீரில் கோடையைத் தாண்ட வைக்க முடியுமானால் மட்டும் நடுங்கள்.

மறைந்த செலவு: இளங்கன்றை ஆடு விடாது, வேலி கட்டாயம். உதிரும் ஊசி மெத்தைபோல் படிந்து அடியில் எதையும் முளைக்க விடாது. சித்திரையில் ஒரு பீடித் துண்டு போதும், தோப்பே எரியும். பட்டை கொப்பளித்து மரம் நின்றபடியே காயும் நோயும் உண்டு. ஒரு மரத்தில் கண்டால் தூரோடு எடுத்து எரிக்க வேண்டும். நாட்டுச் சவுக்கு வெட்டினால் பெரும்பாலும் துளிர்க்காது, அதனால் நிலத்தைத் திரும்ப எடுப்பது எளிது. ஒட்டுரகம் வாங்கினால் துளிர்க்கலாம், கேட்டு வாங்குங்கள்.

அலை வந்து தொடும் மணல்வரை நடவே கூடாது. ஆமை முட்டையிட ஏறிவரும் இடம் அது.

## பனை

பனையை யாரும் "நடலாமா" என்று கேட்பதில்லை, "யார் காத்திருப்பது" என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கொட்டை போட்டுப் பாளை விட 12, 15 வருடம் ஆகும். சில இடத்தில் இன்னும் கூடும். அதுவரைக்கும் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது.

ஆனால் மற்ற அளவுகோல்களில் பனைக்கு எதிரே எதுவும் நிற்காது. தண்ணீர் ஊற்ற வேண்டாம். வடலியை, அதாவது இளம்பனையை, ஆடு பெரிதாகச் சீண்டாது. கச்சானோ வாடையோ, ஓலை சலசலக்குமே தவிர மரம் அசையாது. வேர் சல்லி வேர். சுவரைப் பிளக்காது, மணலைப் பிடித்து நிறுத்தும். கன்று வாங்கும் செலவே இல்லை: ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தின் கொட்டையை எடுத்து, மழைக்கு முன்னால் வரப்போரம் பத்தடிக்கு ஒன்றாகப் புதைத்தால் வேலை முடிந்தது. கிழங்கு இறங்கிய பிறகு பிடுங்கி வேறிடத்தில் நட நினைக்காதீர்கள், நேரே போட்டதுதான் நிற்கும்.

சாயல்குடிப் பக்கம் கருப்பட்டித் தொழில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதால் பதநீருக்கு மதிப்பு உண்டு. மறைந்த செலவு ஏறும் ஆள்தான். பனையேறிகளின் பிள்ளைகள் அந்த வேலைக்கு வருவதில்லை. வரச் சொல்லவும் நமக்கு உரிமை இல்லை, உயிரைப் பணயம் வைக்கும் வேலைக்குக் கிடைத்த கூலி அப்படி. ஆள் இல்லாவிட்டாலும் விழும் ஓலை, மட்டை, பழம், கிழங்கு கிடைக்கும். இன்னொன்று: 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று அரசு அறிவித்தது. ஆகவே நாளைக்கு வீடு கட்ட நினைக்கும் மனையின் நடுவில் போடாதீர்கள், எல்லையில் போடுங்கள்.

## நாட்டு மரங்கள்: பூவரசு, புங்கை, புன்னை, உடை, வேம்பு

இவற்றைச் சேர்த்தே சொல்கிறேன். நிழலுக்கும் வீட்டுக்கும் நடுகிறீர்கள் என்றால் மேலே சொன்ன மூன்றையும் விட்டுவிட்டு நேரே இங்கே வரலாம்.

பூவரசு கடற்கரையிலேயே பிறந்தது. போத்து, அதாவது தடித்த கிளை, வெட்டி நட்டாலே துளிர்க்கும். ஆட்டுக்கு இதன் தழை உயிர், ஆகவே ஆளுயரத்துக்கு மேல் போத்தாக நட்டால்தான் தப்பும். புங்கை உவரைத் தாங்கும், தழைச்சத்தைத் தானே பிடிக்கும், ஆடு அவ்வளவாகக் கடிக்காது. பங்குனி வாக்கில் இலை உதிர்த்து உடனே தளிர்த்து, வெயில் ஏறும்போது அடர்ந்த நிழலோடு நிற்கும். புன்னை உப்புக் காற்றை நேராக வாங்கும். வளர்வது மெதுவாகத்தான், ஆனால் இலையின் பளபளப்புக்கும் பூவின் வாசனைக்கும் அது தகும். குடை விரித்ததுபோல் தட்டையாக நிற்கும் உடைமரம் ராமேஸ்வரம், மண்டபம் மணலின் சொந்த மரம். யாரும் நடாமலே நிற்பதால் அதை மரமாகவே எண்ணுவதில்லை. நிலத்தைச் சுத்தம் செய்யும்போது கருவேலத்தோடு சேர்த்து உடையையும் பிடுங்கிவிடுகிறார்கள். ஜேசிபி ஓட்டுபவருக்கு இரண்டும் முள்மரம். வேலை ஆரம்பிக்கும் முன் உடைமரங்களில் ஒரு துணியைக் கட்டி வையுங்கள். வேம்பைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கடலை நேரே பார்க்காமல், வீட்டுக்குப் பின்புறம் வைத்தால் நன்றாக வரும்.

பெரிய காசு வராது. அதுதான் இவற்றின் குறை.

## ஒரே பார்வையில்

| | தைலமரம் | சவுக்கு | பனை | நாட்டு மரம் |
|---|---|---|---|---|
| ஊற்றுத் தண்ணீர் | தோப்பாக நட்டால் ஆபத்து | நெருக்கி நட்டால் பங்கு கேட்கும் | தொல்லை இல்லை | பரவலாக நட்டால் தொல்லை இல்லை |
| நேரடிக் கடற்காற்று | கருகும் | நன்றாகத் தாங்கும் | நன்றாகத் தாங்கும் | பூவரசு, புன்னை, உடை தாங்கும். வேம்பு சுமார் |
| முதல் இரண்டு வருடத் தண்ணீர் | வேண்டும் | கட்டாயம் | வேண்டாம் | முதல் கோடைக்கு வேண்டும் |
| வேலி | வேண்டாம் | கட்டாயம் | பெரும்பாலும் வேண்டாம் | பூவரசுக்கும் வேம்புக்கும் வேண்டும் |
| முதல் வருமானம் | 4–6 வருடம் | 3–5 வருடம் | 12–15 வருடத்துக்கு மேல் | நிழலும் தழையும்தான் |
| நிலத்தைத் திரும்ப எடுக்க | கடினம் | எளிது | அனுமதி வேண்டும் | நடுத்தரம் |
| அடியில் புல், கொடி | குறைவு | இருக்காது | நன்றாக வளரும் | ஓரளவு வளரும் |

## யாருக்கு எது

வெளிநாட்டில் இருக்கிறீர்கள், பார்க்க ஆள் இல்லை, நிலம் கைவிட்டுப் போகாமல் இருந்தால் போதும் என்றால் எல்லை முழுக்கப் பனை, நடுவில் அங்கங்கே புங்கை. கருவேலம் முளைப்பதை வருடத்துக்கு ஒருமுறை, மழை முடிந்து மண் இளகியிருக்கும்போது பிடுங்க ஒரு ஆளுக்குக் கூலி கொடுத்தால் போதும்.

உள்ளூரில் இருக்கிறீர்கள், ஐந்து வருடத்தில் பணம் தேவை, பக்கத்தில் குடிதண்ணீர் ஊற்றோ கிணறோ இல்லை என்றால் சவுக்கு. தென்கடல் பக்கம் என்றால் யோசிக்கவே வேண்டாம், சவுக்குத்தான். நிலத்தின் கால் பங்கிலாவது பனையோ புன்னையோ போட்டு வையுங்கள். சவுக்கு வெட்டிய வருடம் நிலம் மொட்டையாகக் கிடக்காது.

தைலமரத் தோப்புத்தான் வேண்டும் என்று மனது நின்றுவிட்டால், அதற்கான இடம் கடலோரம் இல்லை. கடலிலிருந்து தள்ளி, சிவகங்கை எல்லையை ஒட்டிய செம்மண்ணில், பக்கத்து விவசாயியின் கிணற்றிலிருந்தும் கண்மாய் வரத்துக் காலிலிருந்தும் தூரத்தில் போட்டால் பேசலாம். அப்போதும் பக்கத்துக்காரரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். புதுக்கோட்டைப் பக்கத்து விவசாயிகள் தைலமரக் காடுகளுக்கு எதிராகப் பல வருடமாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். வரத்து நீர் தோப்புக்குள்ளேயே நின்றுபோய்க் கண்மாய்க்கு வருவதில்லை என்பது அவர்கள் முறையீடு. அந்தக் குரலைக் கேட்காமல் கன்று வாங்கப் போகக் கூடாது.

உங்கள் நிலம் அலைக்குப் பக்கத்து மணல்மேடாக இருந்தால், அதில் அடம்பங்கொடியும் ராவணன் மீசையும் படர்ந்திருந்தால், எந்த மரத்தையும் நடாதீர்கள். அந்தக் கொடியும் அந்த முள்புல்லும்தான் மேட்டைப் பிடித்து வைத்திருக்கின்றன. மழைத் தண்ணீரை வாங்கி ஊற்றுக்கு இறக்குவதும் அந்த மேடுதான். குழி பறித்து மரம் வைப்பது அங்கே நல்ல காரியம் இல்லை.

வீட்டுத் தோட்டத்தில் ஒரே ஒரு தைலமரம் வேண்டும் என்பவர்களுக்கு என் பதில்: வையுங்கள். ஒரு மரம் ஊர் ஊற்றை வற்ற வைக்காது. ஆனால் வீட்டிலிருந்து 50 அடி, கிணற்றிலிருந்து 100 அடியாவது தள்ளி வையுங்கள். இது நெட்டையாக வளரும், காற்று இல்லாத நாளிலும் கிளையை உதிர்க்கும் பழக்கம் உண்டு. கீழே காரோ, பிள்ளைகள் விளையாடும் இடமோ, மின்கம்பியோ இருக்கக் கூடாது. விதைக் கன்றாக வாங்குங்கள். தண்டு வெட்டி உண்டாக்கிய குளோன் கன்றுக்கு ஆணிவேர் இருக்காது, இளக்கமான மணலில் புயலுக்குச் சாய வாய்ப்பு அதிகம். 2018 கஜா புயலில் தென்னைகளே எப்படிச் சாய்ந்தன என்று பார்த்தோமே. பையில் வேர் சுருண்டிருக்கும் பெரிய கன்றைவிட, முழ உயரத்துக் கன்று நல்லது. கடலுக்கும் அதற்கும் நடுவில் வீடோ, பூவரசு வரிசையோ மறைப்பாக இருக்கட்டும். எலுமிச்சை வாசனை வகை என்றால் இந்த மறைப்பு கட்டாயம். ஐப்பசியில் நட்டு, முதல் கோடையில் வாரம் இரண்டு குடம் ஊற்றினால் போதும். கரையான் வராமல் குழியில் வேப்பம் பிண்ணாக்குக் கலந்துவிடுங்கள்.

ஏற்கெனவே தைலமரத் தோப்பு நிற்கிறது, எடுத்துவிட நினைக்கிறேன் என்பவர்கள் ஒரே வருடத்தில் மொத்தமாக வெட்ட வேண்டாம். மூன்று பங்காகப் பிரித்து, கடலுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். கடலோர வரிசை கடைசி வரை காற்றை மறைக்கட்டும். வெட்டிய பங்கில் தூரின் வீக்கம் வரை தோண்டி எடுக்க வேண்டும். ஜேசிபிக்கு வசதி இல்லையென்றால், துளிர் முழ உயரம் வரும்போதெல்லாம் ஒடித்துக்கொண்டே இருந்தால் இரண்டு மூன்று வருடத்தில் பெரும்பாலான தூர் ஓய்ந்துவிடும். ஒரு மழைக்காலம் விட்டுவிட்டால் செய்த வேலையெல்லாம் வீண். ஒடிக்கிற அந்த வருடங்களிலேயே தூர்களுக்கு நடுவில் பனங்கொட்டையைப் போட்டுவிடுங்கள். பழைய பள்ளிக்கூடத்திலோ பங்களா வாசலிலோ தனியாக நிற்கும் முதிர்ந்த தைலமரத்தை மட்டும், கிளை ஆபத்தில்லாத இடத்தில் இருந்தால், வெட்டாமல் விடுங்கள்.